தொழிலாளர் இழப்பீடும் மருத்துவரின் சட்டக் கடமைகளும்: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதி

வேலையின்போது காயமடைந்த அல்லது வேலையால் நோயுற்ற தொழிலாளி இழப்பீடு கோரும்போது, அவரைப் பரிசோதித்துக் காயத்தின் தன்மை, ஊனத்தின் அளவு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு ஆகியவற்றைப் பற்றி மருத்துவர் எழுத்து மூலம் தரும் கருத்தே இழப்பீட்டு மருத்துவப் பரிசோதனை எனப்படும். இந்தியாவில் இதற்கான அடிப்படையை 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அமைத்தது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் (1948), தொழிற்சாலைகள் சட்டம் (1948), மருத்துவர்களுக்கான நன்னடத்தை விதிகள் (2002) ஆகியவை பின்னர் அதனுடன் சேர்ந்தன. இச்சட்டங்கள் மருத்துவர் மீது சுமத்திய கடமைகளின் வரலாற்றையும், திருவள்ளூர் மாவட்டத் தொழிற்பகுதிகளில் அவை எவ்வாறு பொருந்துகின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தொழிற்பகுதியின் இயல்பு

பழைய செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டு 1997இல் திருவள்ளூர் மாவட்டம் உருவானது. கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை ஆகிய இடங்களில் சிப்காட் வளாகங்களும், காக்களூர், திருமழிசை ஆகிய இடங்களில் சிட்கோ தொழிற்பேட்டைகளும் உள்ளன. இவற்றுள் கும்மிடிப்பூண்டி ஆந்திர எல்லையை ஒட்டியது. சென்னை – கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையும் சென்னை – கூடூர் ரயில் பாதையும் இவ்வூர் வழியாகச் செல்கின்றன. துறைமுகமும் நெடுஞ்சாலையும் அருகில் இருப்பதால் இரும்பு உருக்கு உலைகள், ரோலிங் மில்கள், வார்ப்பாலைகள், வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள், வேதிப்பொருள் ஆலைகள் இப்பகுதியில் பெருகின.

இத்தொழில்களில் நேரும் காயங்களுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பிரஸ் இயந்திரத்தில் விரல்கள் நசுங்குதல், உலையிலிருந்து தெறிக்கும் உருகிய உலோகத்தால் தீக்காயம், ரோலிங் மில்லில் செந்தழலாக ஓடும் கம்பி திசைமாறிக் காலைத் தாக்குதல், கிரேனில் தொங்கும் பளு விழுதல், சாணைக்கல் துகள் கண்ணில் பாய்தல் ஆகியவை இத்தகைய தொழில்களில் எதிர்பார்க்கத்தக்க விபத்துகள். இவை தவிர, ஈயம், சிலிக்கா தூசி, இடைவிடாத இரைச்சல் ஆகியவை மெல்ல மெல்ல உண்டாக்கும் நோய்களும் உண்டு. கைவிரல் போனது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். செவித்திறன் போனதும், இரத்தத்தில் ஈயம் சேர்ந்ததும் மருத்துவர் சோதித்துச் சொன்னால்தான் தெரியும்.

சட்டம் பிறந்த பின்னணி

ஜெர்மனியில் 1884இல் பிஸ்மார்க் ஆட்சிக்காலத்தில் தொழில் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. பிரிட்டன் 1897இல் தனது இழப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. அதற்கு முன், முதலாளியின் கவனக்குறைவைத் தொழிலாளி நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் நட்டஈடு கிடைக்கும் என்ற நிலை இருந்தது. புதிய சட்டங்கள் அந்தச் சுமையை நீக்கின. வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் விபத்து நேர்ந்தது என்று காட்டினால் போதும் என்றன. யார் மீது குற்றம் என்ற கேள்வி பின்னுக்குப் போனதும், காயம் எவ்வளவு, அதனால் எவ்வளவு வருமானம் போகும் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில் மருத்துவர் அமர்த்தப்பட்டார்.

முதல் உலகப் போருக்குப் பின் இந்தியாவில் தொழிற்சங்க இயக்கம் வலுப்பெற்றது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1919இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறுவப்பட்டது. இந்தச் சூழலில் 1923ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு மே 1ஆம் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். சட்டம் 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டம் "தகுதி பெற்ற மருத்துவர்" என்பவரை வரையறுத்தது. மருத்துவர் பதிவேட்டைப் பேணும் சட்டம் ஒன்றின்கீழ்ப் பதிவு செய்துகொண்டவரே அவர். சென்னை மாகாணத்தில் 1914ஆம் ஆண்டின் மருத்துவப் பதிவுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. எனவே இழப்பீட்டுக்காகப் பரிசோதிக்கும் மருத்துவர் தொடக்கத்திலிருந்தே பதிவேட்டுக்கும், அதன் வழியாக ஒழுங்கு நடவடிக்கைக்கும் உட்பட்டவராக இருந்தார்.

பிரிவு 11: பரிசோதனையின் விதிமுறைகள்

1923 சட்டத்தின் 11ஆம் பிரிவு மருத்துவப் பரிசோதனையைப் பற்றியது. விபத்து பற்றித் தொழிலாளி அறிவிப்புக் கொடுத்தால், மூன்று நாள் முடிவதற்குள் முதலாளி தம் செலவில் தகுதி பெற்ற மருத்துவரைக் கொண்டு பரிசோதிக்க முன்வரலாம். தொழிலாளி அதற்கு உடன்பட வேண்டும். போதிய காரணமின்றி மறுத்தாலோ தடுத்தாலோ, அந்நிலை நீடிக்கும் வரை இழப்பீட்டு உரிமை நிறுத்திவைக்கப்படும். பரிசோதனைக்கு உட்படாமல் வேலை செய்த இடத்தின் சுற்றுப்புறத்தை விட்டுத் தானாகச் சென்றுவிட்டாலும், திரும்பி வந்து பரிசோதனைக்கு முன்வரும் வரை உரிமை நிறுத்தப்படும்.

இந்த அதிகாரம் அத்துமீறாமல் இருக்க 1924ஆம் ஆண்டின் விதிகள் வரம்பு கட்டின. அவற்றுள் முக்கியமானவை:

• விதிகளில் சொன்ன முறைக்குப் புறம்பாகப் பரிசோதனைக்கு உட்படுமாறு தொழிலாளியைக் கட்டாயப்படுத்த முடியாது.
• மாலை 7 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் பரிசோதனைக்கு வரச் சொல்லக் கூடாது.
• இடம்விட்டு நகர முடியாத நிலையில் இருப்பவரை வேறு இடத்துக்கு வரச் சொல்லக் கூடாது. மருத்துவரே அவர் இருக்கும் இடத்துக்குச் செல்ல வேண்டும்.
• அரைமாதத் தொகை பெற்று வருபவரை முதல் மாதத்தில் இரண்டு முறைக்கு மேலும், அடுத்த மாதங்களில் மாதம் ஒரு முறைக்கு மேலும் பரிசோதனைக்கு அழைக்கக் கூடாது.
• பெண் தொழிலாளியை அவர் சம்மதமின்றி ஆண் மருத்துவர் பரிசோதிப்பதானால், மற்றொரு பெண் உடன் இருக்க வேண்டும். பெண் மருத்துவருக்கு ஆகும் செலவை அவர் கட்டிவிட்டால், ஆண் மருத்துவரிடம் வருமாறு சொல்லவே முடியாது.

நூறாண்டுக்கு முன் எழுதப்பட்ட இவ்விதிகளில் ஒரு கருத்து தெளிவாகத் தெரிகிறது. முதலாளி அனுப்பும் மருத்துவரிடம் தொழிலாளி உடலைக் காட்டியாக வேண்டும் என்று சட்டம் சொன்னது. அதே மூச்சில், அந்தப் பரிசோதனை ஒரு துன்புறுத்தலாக மாறக் கூடாது என்றும் சொன்னது.

அரைமாதத் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ ஆணையரிடம் விண்ணப்பிக்க, உடல்நிலையில் மாற்றம் ஏற்பட்டுள்ளது என்ற மருத்துவச் சான்று வேண்டும் என்று 6ஆம் பிரிவு கூறியது. ஆகவே ஆறு மாதம் கழித்து "குணமாகிவிட்டது" என்று மருத்துவர் எழுதும் ஒரு வரியும் ஒரு குடும்பத்தின் வருவாயை நிறுத்தக்கூடியதாக இருந்தது.

முதல் பதிவு: ஏ.ஆர். நகல்

இழப்பீட்டு வழக்கில் மருத்துவரின் பங்கு விபத்து நாளன்றே தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் விபத்தில் அடிபட்டு வருபவரின் விவரத்தை மருத்துவ அலுவலர் விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார். இதன் படியை மக்கள் "ஏ.ஆர். நகல்" என்கின்றனர். காயமடைந்தவர் பெயர், வயது, அங்க அடையாளங்கள், அழைத்து வந்தவர், விபத்து எங்கே, எப்போது, எப்படி நேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது என்பது, காயங்களின் அளவு ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. காவல் நிலையத்துக்கும் தகவல் அனுப்பப்படுகிறது.

விபத்து வேலையின்போது நேர்ந்ததா என்பதே பின்னாளில் எழும் முதல் கேள்வி. அதற்கு மிகப் பழைய எழுத்துச் சான்று இப்பதிவேடுதான். "தொழிற்சாலையில் பிரஸ் இயந்திரத்தில் கை சிக்கியதாகச் சொல்லப்படுகிறது" என்று எழுதியிருந்தால் வழக்கு நிற்கும். "வீட்டில் வழுக்கி விழுந்ததாக" எழுதியிருந்தால் அதை மாற்றுவது மிகக் கடினம். அடிபட்டவர் மயக்கத்திலோ வலியிலோ இருக்கும்போது, உடன் வந்த மேற்பார்வையாளரோ ஒப்பந்ததாரரின் ஆளோ சொல்வதே பதிவாகும் ஆபத்து உண்டு. எனவே தகவல் சொன்னவர் யார் என்பதைத் தனியாகக் குறிப்பதும், அடிபட்டவர் பேசும் நிலையில் இருந்தால் அவரிடமே கேட்டு எழுதுவதும் நல்ல பதிவின் அடையாளங்கள்.

மது பற்றிய குறிப்பும் இதைப் போன்றதே. விபத்து நேரத்தில் தொழிலாளி மதுவின் அல்லது போதைப்பொருளின் ஆளுகையில் இருந்து, அதுவே விபத்துக்கு நேரடிக் காரணமாக அமைந்தால் முதலாளிக்கு விலக்கு உண்டு என்று 3ஆம் பிரிவு சொன்னது. ஆனால் மரணம் அல்லது நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டால் அந்த விலக்கு பொருந்தாது. மூச்சில் மது வாடை இருந்தது என்பது ஒன்று. போதையில் நிலைதடுமாறி இருந்தார் என்பது வேறு. கண்ணால் கண்டதையும் சோதனையில் தெரிந்ததையும் மட்டும் மருத்துவர் எழுத வேண்டும். இரண்டையும் கலந்து எழுதினால் பாதிக்கப்படுவது தொழிலாளியே.

காயமடைந்தவருக்கு முதலில் சிகிச்சை, பிறகே காவல்துறை நடைமுறைகள் என்பதை உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உறுதி செய்தது. அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்ற வேறுபாடு இக்கடமைக்கு இல்லை. நெடுஞ்சாலை ஓரத்துச் சிறு மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும்.

விழுக்காட்டின் விலை

சட்டத்தின் முதல் அட்டவணை காயங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் சம்பாதிக்கும் திறன் இழப்பை விழுக்காட்டில் தருகிறது. சில எடுத்துக்காட்டுகள்:

• இரு கைகளையும் இழத்தல்: 100
• ஒரு கையின் நான்கு விரல்களையும் இழத்தல்: 50
• ஒரு கண்ணை இழத்தல், மற்றது நலமாக இருத்தல்: 40
• கட்டைவிரலை இழத்தல்: 30
• ஆள்காட்டி விரலை முழுதும் இழத்தல்: 14
• நடுவிரலை முழுதும் இழத்தல்: 12

அட்டவணையில் உள்ள காயத்துக்கு மருத்துவர் விழுக்காட்டைத் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை. எந்த எலும்பு, எந்த மூட்டு வரை போனது என்பதைச் சரியாக எழுதினால் போதும். சிக்கல் அட்டவணையில் இல்லாத காயங்களில் வருகிறது. விரல் போகவில்லை, ஆனால் மடங்கவில்லை. கால் எலும்பு கூடிவிட்டது, ஆனால் குட்டையாகிவிட்டது. தீக்காயம் ஆறிவிட்டது, ஆனால் தோல் இறுகித் தோளைத் தூக்க முடியவில்லை. இத்தகைய காயங்களுக்கு விழுக்காடு சொல்பவர் யார்?

1984ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு நேரடியாக விடை தந்தது. 4ஆம் பிரிவில், அட்டவணையில் இல்லாத காயத்தால் நிரந்தரமாக ஏற்பட்ட சம்பாதிக்கும் திறன் இழப்பைத் "தகுதி பெற்ற மருத்துவர்" மதிப்பிட வேண்டும் என்று சேர்க்கப்பட்டது. அவ்வாறு மதிப்பிடும்போது முதல் அட்டவணையின் விழுக்காடுகளைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்ற விளக்கமும் உடன் வந்தது. அதாவது விறைத்துப்போன ஆள்காட்டி விரலுக்கு, அந்த விரலே போனால் தரப்படும் 14 விழுக்காட்டை அருகில் வைத்துப் பார்த்தே மருத்துவர் எண்ணைச் சொல்ல வேண்டும்.

இந்த எண்ணின் மதிப்பை ஒரு கணக்கால் அறியலாம். நிரந்தர முழு ஊனத்துக்கு மாத ஊதியத்தில் 60 விழுக்காட்டை, வயதுக்கு உரிய காரணியால் பெருக்க வேண்டும். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் ஊதியத்தின் உச்சவரம்பு 2010இல் 8,000 ரூபாயாகவும், 2020 ஜனவரியில் 15,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 30 வயதுக்கான காரணி 207.98. ஊதியம் 15,000 ரூபாய் எனக் கொண்டால்:

15,000 ரூபாயில் 60 விழுக்காடு = 9,000 ரூபாய்
9,000 × 207.98 = 18,71,820 ரூபாய்

இது 100 விழுக்காட்டுக்கான தொகை. ஒரு விழுக்காட்டுக்கு ஏறத்தாழ 18,718 ரூபாய். மருத்துவர் 10 என்று எழுதினால் 1,87,182 ரூபாய். 30 என்று எழுதினால் 5,61,546 ரூபாய். இரண்டுக்கும் இடையே 3,74,364 ரூபாய் வேறுபாடு. மூட்டு அசைவைக் கோணமானியால் அளக்காமல் கண்மதிப்பாக எழுதும் ஒரு சான்றிதழ், ஒரு தொழிலாளியின் இரண்டாண்டு ஊதியத்தை அவரிடமிருந்து பறிக்கலாம். அல்லது உரியதல்லாத தொகையை முதலாளியிடமிருந்து பெற்றுத் தரலாம்.

உடல் ஊனமும் சம்பாதிக்கும் திறனும்

உடல் ஊனம், சம்பாதிக்கும் திறன் இழப்பு என்ற இரண்டும் ஒன்றல்ல. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் சான்றிதழ் உடல் ஊனத்தின் விழுக்காட்டைச் சொல்கிறது. இழப்பீட்டுச் சட்டம் கேட்பது, அந்த ஊனத்தோடு அவரால் எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்பதை.

இதற்கு 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்குத் தீர்ப்பு சிறந்த சான்று. திரையரங்கு ஒன்றில் வேலை செய்தபோது கீழே விழுந்த தச்சர் ஒருவரின் இடக்கை துண்டிக்கப்பட்டது. அட்டவணைப்படி அது பகுதி ஊனமே என்று முதலாளி தரப்பு வாதிட்டது. ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது, எனவே இது முழு ஊனம் என்று ஆணையர் கண்டதை நீதிமன்றம் ஏற்றது. காயம் எங்கே என்பதோடு, காயமடைந்தவர் என்ன வேலை செய்துவந்தார் என்பதையும் பார்க்க வேண்டும் என்ற நெறி இதனால் நிலைபெற்றது.

2010 அக்டோபரில் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சான்றிதழ்கள் பற்றி விரிவாகப் பேசியது. அது சாலை விபத்து வழக்கு. ஆயினும் அதில் சொன்னவை இழப்பீட்டு விசாரணைகளுக்கும் வழிகாட்டியாகின. கேட்டவுடன் தயாராகக் கிடைக்கும் ஊனச் சான்றிதழ்களைக் கவனத்தோடு அணுக வேண்டும். சிகிச்சை அளித்த அல்லது பின்னர்ப் பரிசோதித்து மதிப்பிட்ட மருத்துவர் சாட்சி சொல்ல வேண்டும். ஒரு உறுப்பின் ஊன விழுக்காட்டை முழு உடலின் விழுக்காடாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பவை அதன் சாரம். ஒரே காயம் ஓட்டுநரையும் எழுத்தரையும் ஒரேபோல் பாதிப்பதில்லை என்பதையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது.

இங்கே மாணவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சாலை விபத்து வழக்குகளில் மருத்துவர் உடல் ஊனத்தைச் சொல்வார். சம்பாதிக்கும் திறன் இழப்பைத் தீர்ப்பாயம் முடிவு செய்யும். இழப்பீட்டுச் சட்டத்திலோ, அட்டவணையில் இல்லாத காயத்துக்குச் சம்பாதிக்கும் திறன் இழப்பையே மருத்துவர் மதிப்பிட வேண்டும் என்று சட்டம் சொன்னது. எனவே இங்கு மருத்துவரின் பொறுப்பு கூடுதலானது. "வலக்கை மணிக்கட்டு அசைவு பாதியாகக் குறைந்துள்ளது" என்று எழுதி நிறுத்த முடியாது. அந்தத் தொழிலாளி லேத் இயந்திரத்தில் நின்றவரா, பளு தூக்கியவரா, காவலாளியா என்று கேட்டு, அந்த வேலைக்கு அது என்ன பொருள் தருகிறது என்பதையும் எழுத வேண்டும்.

மருத்துவர் சொல்வதே இறுதி என்பதும் இல்லை. எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யலாம்; மருத்துவ வாரியத்தின் கருத்தைக் கேட்கலாம். சான்றுகளை எடைபோட்டு முடிவு செய்பவர் ஆணையர். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் செல்லும். ஊன விழுக்காடு போன்ற உண்மைநிலைகளில் ஆணையரே இறுதி அதிகாரி. உயர் நீதிமன்றம் அதைத் தானாக மறுமதிப்பீடு செய்ய முடியாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே ஆணையர் முன் மருத்துவர் அளிக்கும் சாட்சியமே பெரும்பாலும் வழக்கின் கடைசி வாய்ப்பு.

ஈ.எஸ்.ஐ. மருத்துவ வாரியம்

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. 1955இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இத்திட்டத்தின்கீழ் வருகின்றனர். காப்பீடு செய்யப்பட்ட தொழிலாளி, அதே காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் முதலாளியிடம் தொகை கோர 53ஆம் பிரிவு தடை விதித்தது. எனவே பெரும்பாலான ஆலைத் தொழிலாளர் ஈ.எஸ்.ஐ. வழியே செல்கின்றனர். ஊதிய வரம்பைத் தாண்டியவர்கள், சிறு பட்டறைகளில் உள்ளோர், திட்டத்துக்கு வெளியே உள்ள லாரி ஓட்டுநர்கள், சுமைப்பணியாளர்கள் போன்றோர் ஆணையரிடம் செல்கின்றனர்.

ஈ.எஸ்.ஐ. முறையில் தனி மருத்துவரின் இடத்தில் மருத்துவ வாரியம் உள்ளது. விபத்தால் நிரந்தர ஊனம் ஏற்பட்டதா, அதன் அளவு தற்காலிகமாக மதிப்பிடத்தக்கதா அல்லது இறுதியானதா என்பதை வாரியம் முடிவு செய்கிறது. முடிவில் நிறைவடையாத தொழிலாளியோ கழகமோ மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையோ தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்தையோ நாடலாம். எதிர்பாராத வகையில் காயத்தின் விளைவு மோசமானால் மறுபரிசீலனைக்கும் வழி உண்டு.

ஒப்பந்ததாரர் தன் ஆள்களை ஈ.எஸ்.ஐ.யில் பதியாமல் விட்டுவிட்டு, விபத்து நேர்ந்த பின் பதிய ஓடுவது உண்டு. அப்போது விபத்துத் தேதி ஒரு சர்ச்சையாகிறது. மருத்துவமனைப் பதிவில் உள்ள நாளும் நேரமும் அங்கே முடிவான சான்றாகின்றன. தேதியை "சற்றுத் தள்ளி" எழுதித் தருமாறு கேட்பவர்க்கு மருத்துவர் இணங்கினால், அது பொய்ச் சான்று என்ற குற்றமாகிறது.

தொழில்நோய்: அறிவிக்கும் கடமை

விபத்துக்கு ஒரு நாளும் நேரமும் உண்டு. தொழில்நோய்க்கு அது இல்லை. 1925இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தொழில்நோய்களுக்கு இழப்பீடு வழங்கும் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 1927இல் அதை உறுதி செய்தது. இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இந்நோய்களைப் பட்டியலிடுகிறது. இரைச்சலால் வரும் செவித்திறன் குறைபாடு, ஆறு மாதத் தொடர் வேலைக்குப் பின் வந்தால் வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும் பிரிவில் உள்ளது.

தொழிற்சாலைகள் சட்டத்தின் 89ஆம் பிரிவு மருத்துவருக்கு நேரடியாகவே ஒரு கடமையை விதித்தது. தொழிற்சாலையில் வேலை செய்யும் அல்லது செய்த ஒருவருக்குச் சிகிச்சை அளிக்கும்போது, பட்டியலில் உள்ள நோய் அவருக்கு இருப்பதாக நம்பும் எந்த மருத்துவரும் உடனே தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நோயாளியின் பெயர், முகவரி, நோய், அவர் வேலை செய்யும் தொழிற்சாலை ஆகியவை அதில் இருக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்றும் அச்சட்டம் கூறியது. தமிழ்நாட்டில் இதைப் பெறும் துறை தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

இக்கடமை ஆலை மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. வயிற்றுவலி, இரத்தசோகை, கை தளர்ச்சி என்று ஊர் மருத்துவரிடம் வரும் உலைத் தொழிலாளியின் விஷயத்திலும் இது பொருந்தும். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் மாத்திரை எழுதி அனுப்பினால், நோயும் கண்டறியப்படாது, அவரோடு வேலை செய்யும் மற்றவர்களும் எச்சரிக்கப்பட மாட்டார்கள்.

போபால் பேரழிவுக்குப் பின் வந்த 1987ஆம் ஆண்டுத் திருத்தம், ஆபத்தான தொழில்களில் வேலைக்கு முன்பும், வேலையில் இருக்கும் காலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறைக்குக் குறையாமலும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றது. அந்தப் பதிவுகள் தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டும் என்றும் சொன்னது. 1995 ஜனவரியில் கல்நார் ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், தொழிலாளரின் உடல்நலப் பதிவுகளை வேலை தொடங்கியதிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை பேண வேண்டும் என உத்தரவிட்டது. நுரையீரல் நோய் ஓய்வுக்குப் பின் வெளிப்படலாம் என்பதே இதன் காரணம்.

யாருடைய மருத்துவர்?

முதலாளியோ காப்பீட்டு நிறுவனமோ கட்டணம் கொடுத்து அனுப்பும் மருத்துவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பது பழைய கேள்வி. பரிசோதனைக்கு வந்தவர் அவரிடம் சிகிச்சைக்கு வரவில்லை. ஆயினும் மருத்துவரின் பதிவும் நன்னடத்தை விதிகளும் அவரைவிட்டு நீங்குவதில்லை. 2002ஆம் ஆண்டு விதிகளிலிருந்தும் குற்றவியல் சட்டத்திலிருந்தும் கீழ்க்கண்ட கடமைகள் எழுகின்றன.

• உண்மையற்ற, திசைதிருப்பும் சான்றிதழில் கையொப்பமிட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படலாம்.
• பொய்யென்று அறிந்தே சான்றிதழ் தருவது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 197ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 234ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. தண்டனை பொய்ச் சாட்சிக்கு உரியதே.
• வழங்கிய சான்றிதழ்களுக்குப் பதிவேடு வைத்து, பெற்றவரின் அங்க அடையாளம், கையொப்பம் அல்லது கைநாட்டு ஆகியவற்றைப் பதிய வேண்டும். சான்றிதழின் படி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும்.
• உள்நோயாளியின் பதிவுகளை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.
• நோயாளியைப் பற்றி அறிந்த இரகசியங்களை நீதிமன்ற உத்தரவு, பிறர்க்கு உறுதியான ஆபத்து, அறிவிக்க வேண்டிய நோய் ஆகிய சூழல்களில் அன்றி வெளியிடக் கூடாது.

கடைசிக் கடமைக்கு இழப்பீட்டுப் பரிசோதனையில் தனிப் பொருள் உண்டு. கை எலும்பு முறிவைப் பார்க்க அனுப்பப்பட்ட மருத்துவர், வழியில் தெரியவந்த, காயத்தோடு தொடர்பில்லாத ஒரு நோயை முதலாளிக்குத் தெரிவிப்பது முறையாகாது. தான் யார் சார்பில் வந்திருக்கிறார், அறிக்கை யாரிடம் போகும் என்பதைப் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுவது நேர்மையான வழி.

பதிவுகள் மூன்றாண்டு மட்டுமே கட்டாயமாகப் பேணப்படும் என்பதையும், இழப்பீட்டுக் கோரிக்கைக்கு இரண்டாண்டுக் காலவரம்பு இருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோரிக்கை தாமதமாகி, விசாரணை நீண்டால், மருத்துவர் சாட்சிக் கூண்டில் நிற்கும் நாளில் மூலப் பதிவு இல்லாமல் போகலாம். ஏ.ஆர். நகல், வெளியேற்றச் சுருக்கம், எக்ஸ்ரே படங்கள் ஆகியவற்றைத் தொழிலாளி தொடக்கத்திலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது இதனால் இன்றியமையாததாகிறது.

வெளிமாநிலத் தொழிலாளர்

கும்மிடிப்பூண்டி ஆலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தோர் பலர் ஒப்பந்ததாரர் வழியாக வேலை செய்கின்றனர். ஒப்பந்ததாரரின் தொழிலாளிக்கும் முதன்மை முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று 1923 சட்டத்தின் 12ஆம் பிரிவே சொல்லியிருந்தது. மாநிலங்களுக்கிடையே இடம்பெயர்ந்த தொழிலாளர் பற்றிய 1979 சட்டம், இறப்பு அல்லது கடுங்காயம் நேர்ந்தால் இரு மாநில அதிகாரிகளுக்கும் உறவினருக்கும் ஒப்பந்ததாரர் தெரிவிக்க வேண்டும் என்றது.

இவர்களைப் பரிசோதிப்பதில் முதல் தடை மொழி. மருத்துவருக்குத் தமிழும், தொழிலாளிக்கு ஒடியாவோ போஜ்புரியோ இருக்க, நடுவில் மொழிபெயர்ப்பவர் ஒப்பந்ததாரரின் ஆளாகவே இருப்பதுண்டு. அவர் நலன் வேறு, காயமடைந்தவர் நலன் வேறு. மொழிபெயர்த்தவர் பெயரைப் பதிவில் குறிப்பிடுவது பின்னாளில் உண்மையை அறிய உதவும். இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலம் முதலாளி தெரிவிக்க வேண்டும் என்று 2017இல் சேர்க்கப்பட்ட 17-ஏ பிரிவு கூறியது.

இரண்டாவது தடை தொலைவு. அடிபட்டவர் பலர் கட்டுப் பிரிக்கும் முன்பே ஊருக்கு ரயில் ஏறிவிடுகின்றனர். முன்னே சொன்னபடி, முதலாளி பரிசோதனைக்கு அழைத்திருக்கையில் உட்படாமல் ஊரைவிட்டுப் போனால் உரிமை நிறுத்திவைக்கப்படும் இடர் உண்டு. ஆனால் 1995ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு வாசலைத் திறந்தது. விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, தொழிலாளியோ அவரைச் சார்ந்தோரோ வசிக்கும் பகுதியின் ஆணையரிடமும் கோரிக்கை வைக்கலாம் என்றது. அப்படிச் செய்யும்போது ஒடிசாவின் மருத்துவர் ஊனத்தை மதிப்பிடுவார்; கும்மிடிப்பூண்டி மருத்துவர் விபத்தன்று எழுதிய தாள்தான் அவருக்கு ஒரே துணை.

இன்றைய நிலை

சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. 1923, 1948 ஆகிய ஆண்டுகளின் இழப்பீட்டு, காப்பீட்டுச் சட்டங்களின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. அதன் ஏழாம் அத்தியாயம் பணியாளர் இழப்பீட்டைப் பற்றியது. முதலாளி செலவில் மருத்துவப் பரிசோதனை, காய அட்டவணை, தகுதி பெற்ற மருத்துவரின் மதிப்பீடு என்ற பழைய அமைப்பு அதிலும் தொடர்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்பு இருந்தால், வேலை விபத்தாகக் கொள்ளப்படும் என்பது புதிய சேர்க்கை. ஆகவே இனி நெடுஞ்சாலையில் அடிபட்டு வருபவரிடமும், அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்று கேட்டு எழுதுவது மருத்துவமனைப் பதிவின் பகுதியாகிறது. தொழில்நோயை மருத்துவர் அறிவிக்கும் கடமை, அதே காலத்தில் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது.

2022 ஜனவரியில் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இதனால் எலும்பியல், கண், காது மூக்கு தொண்டைத் துறை வல்லுநர்கள் மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கும் வாய்ப்பு உருவானது. முன்பு சிக்கலான காயங்களுக்குச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையையும் அரசு பொது மருத்துவமனையையும் பெரிதும் சார்ந்திருக்க வேண்டியிருந்தது. சிகிச்சை அளித்த இடமும் சான்று தரும் இடமும் அருகருகே இருப்பது, மருத்துவர் ஆணையர் முன் வந்து சாட்சி சொல்வதையும், தொழிலாளி தம் பதிவுகளைப் பெறுவதையும் எளிதாக்கும்.